ஊதியது ஒரு முறை

டிராக்டர் சத்தம். இரண்டு. மேற்கே, சாலை வளைவில். பின்னால் இழுத்துவரும் பெட்டிகளில் ஆட்கள் நிற்கிறார்கள். கையில் கம்பு. சிலர் கையில் கம்பு இல்லை, வேறு ஏதோ. வெயில் பட்டு மின்னுகிறது. நான் மதகின் மேல் நிற்கிறேன். சங்கு வாயில் இருக்கிறது. நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது.

ஊதுகிறேன்.

ஒன்று. நீளமான ஊதல். எங்கள் தெருவில் என் அளவுக்கு மூச்சுப் பிடித்து ஊத ஆள் கிடையாது. சத்தம் வயலைத் தாண்டிப் போகிறது. கொக்குகள் எழும்புகின்றன. முதல் டிராக்டரில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புகிறார்கள். என் பக்கம்.

மூன்று முறை ஊதவேண்டும். அதுதான் ஏற்பாடு.

நான் குதித்துவிட்டேன்.

தை மாதம். சம்பா அறுவடை. வியாழக்கிழமை. எட்டேகால் ரயில் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. பெயர் நடேசன். இந்த நாளைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். பேசியதெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஓர் எண்தான் பொய். அந்த ஓர் எண் போதும், சீ, வேறெதுவும் வேண்டாம்.

ஆட்சி மாறி இரண்டு மூன்று வருஷம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று எங்கள் தெருமுனைச் சுவரில் எழுதியது அப்போதும் அழியவில்லை. அந்த அரிசியை விளைய வைத்தவர்கள் நாங்கள். கூலியில் அரைப் படி நெல் கூடக் கேட்டோம். பண்ணையார் முடியாது என்றார். வெளியூர் ஆளை இறக்கி அறுத்துக்கொள்வேன் என்றார். அதையும் பார்த்துவிடலாம் என்று எங்கள் தெருவே வயலில் இறங்கியது. நாற்பது பேருக்கு மேல். ஆணும் பெண்ணும். ஆளுக்கொரு கருக்கரிவாள்.

பண்ணையார் ஆட்களை ஏவினால் என்ன செய்வது என்று முந்தின நாளே ஏற்பாடு பேசியாகிவிட்டது. பேசியவர் பக்கிரி அண்ணன். எங்கள் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பொறுப்பு அவருக்கு.

"விசில் அடிச்சா எட்டாது. பறையத் தூக்கிட்டு மதகுல ஏறினா ஊருக்கே தெரிஞ்சுபோவும். சங்குன்னா மடியில அடங்கும். நடேசன் ஊதட்டும்."

காத்தாயி அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "சாவுக்கு ஊதுறத எடுத்து, உசுரோட நிக்கிறவங்களுக்கு ஊதச் சொல்றீங்களே. நல்லாவா இருக்கு?"

நான் சிரித்தேன். என் அப்பா சாவுக்குச் சங்கு ஊதுகிறவர். அவர் போன பிறகு சங்கு என் கைக்கு வந்தது. ஒரு வேலைக்காவது என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு திமிர்.

பக்கிரி அண்ணன் சொன்னார். "ஒண்ணு ஊதினாத்தான் சாவு. மூணு ஊதினா ஓட்டம். அரிவாளக் கையோட எடுத்துக்கிட்டுத் தெக்கால ஓடுங்க. பாலத்தத் தாண்டிட்டா வரமாட்டானுவ. மறந்துடாதீங்க."

யாரும் மறக்கவில்லை. அதுதான் விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவுச் சங்கு கேட்டால் கையில் இருக்கும் இரும்பைக் கீழே வைத்துவிட வேண்டும். அரிவாளோ மண்வெட்டியோ, இருந்த இடத்திலேயே. இரும்போடு சாவு வீட்டு வாசலை மிதித்தால் அடுத்த சாவு மிதித்தவர் வீட்டில். அந்த வாரம் ராமையாத் தாத்தா நாலு நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கதிர் அறுத்தார்கள். அவர் போனால் ஊதவேண்டியவனும் நான்தான்.

ஒன்று ஊதினேன். குதித்தேன்.

மதகுக்குக் கீழே, வாய்க்கால் ஓரம், ஒரு கல் சாமி உட்கார்ந்திருந்தது. சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து. தலை இல்லை. எந்தக் காலத்தில் போனதோ. தலையில்லாச் சாமி என்போம். வேறு பெயர் தெரியாது. ஆடியில் எண்ணெய் பூசுவோம், அவ்வளவுதான். நான் விழுந்த வேகத்தில் வாய் அதன் கையில் மோதியது. முன்பல் ஒன்று போனது. ஊர்ந்து போய்ச் சாமியின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

டிராக்டர் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டபடப என்று.

"டேய், சங்கு எங்கேருந்துடா?"

"எவனோ செத்துட்டான். ஓட்டு ஓட்டு."

டிராக்டர் கிளம்பியது.

இதைத்தான் ஐம்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் என்னைத் தேடவில்லை. என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். சங்கு என் கையில் இருந்தது, உடையாமல். என் வாயில் ரத்தம் இருந்தது, ஆனால் நெஞ்சில் காற்றும் இருந்தது. இன்னும் இரண்டு முறை ஊத நேரம் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டால் கேட்டுவிடும் என்று பயம். டிராக்டர் சத்தத்தில் என் மூச்சு கேட்டுவிடுமாம்! அப்படி ஒரு கோழைக் கணக்கு.

வயலில் நடந்தது எனக்குக் காதால்தான் தெரியும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அழுகை. ராமையாத் தாத்தாவுக்காக வழியிலேயே தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு, தெருவைப் பார்த்து வடக்கே நடந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். வடக்கே போகச் சாலையைக் கடக்கவேண்டும். சாலையில் டிராக்டர்கள்.

"ஓடுங்க! ஓடுங்க! வந்துட்டானுவ!"

பக்கிரி அண்ணன் குரல். மூன்று முறை கேட்டது. நான் ஊதவேண்டிய மூன்றை அவர் வாயால் கத்தினார். நாலாவது முறை கேட்கவில்லை.

அதன்பிறகு கம்புச் சத்தம். களத்தில் கட்டு அடிக்கும் சத்தம் போலத்தான் இருந்தது, ஆனால் தாளம் இல்லாமல். பெண்கள் சத்தம். பிறகு கூரை எரிகிற சத்தம். மூங்கில் வெடித்தது. நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன்.

சத்தம் ஓய்ந்ததும் சங்கை வாய்க்காலில் போட்டேன். தவறி விழவில்லை. நானாகப் போட்டேன். முழங்கால் தண்ணீர். போட்டுவிட்டுக் காலால் சேற்றுக்குள் அழுத்தினேன்.

மத்தியானம் போலீஸ் வந்தது. எங்கள் ஆட்களைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரப்பில் கிடந்த அரிவாள்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயுதம் வைத்திருந்தோம் என்று வழக்கு. கீழே வைத்த அரிவாளுக்கு வழக்கு!

சாயங்காலம் திருவாரூரிலிருந்து சங்கத்துத் தோழர் ஒருவர் வந்தார். நோட்டை விரித்து எல்லாரிடமும் கேட்டு எழுதினார். என்னிடம் வந்தார். என் வாய் இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

"நீங்கதான் சங்கு ஊதினதா? எத்தனை தடவைங்க?"

பேச முடியவில்லை. விரலைக் காட்டினேன். இரண்டு.

"மூணாவதுக்குள்ள அடிச்சிட்டாங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். அவராகவே கேட்டார், அவராகவே பதிலும் எடுத்துக் கொடுத்தார், நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பிறர் வந்து இலை போட்டுக் கொடுத்தால் கசக்குமா?

மேடையில் இரண்டு மூன்றாகிவிட்டது. ஒரு சங்குதான் கேட்டது என்று சிலர் சொன்னார்கள். காற்று மாறி அடித்திருக்கும் என்று வேறு சிலர் அவர்களுக்குச் சொன்னார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

ஒருவர் மட்டும் என்னிடம் நேரில் வந்து கேட்டார். அஞ்சலை அண்ணி. அந்தச் சாலையில் செத்த செல்லக்கண்ணு அண்ணனின் மனைவி. அப்போது அவருக்கு இருபது வயது. மடியில் கைக்குழந்தை. காரியம் முடிந்த மறுநாள்.

"தம்பி. மூணும் ஊதினியா?"

"ஊதினேன் அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினார். வலது காதைத் தொட்டுக்கொண்டார். போய்விட்டார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

ராமையாத் தாத்தா அன்றைக்குச் சாகவில்லை. எரிகிற தெருவிலிருந்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பங்குனி வரை இருந்தார். போனபோது ஊதச் சங்கு இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து ஊதினான். நான் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு வருஷங்கள். கூலி உயர்ந்தது. சட்டம் வந்தது. உச்சவரம்புக்கு மேலிருந்த நிலத்தில் அரை ஏக்கருக்கு எனக்குப் பட்டாவும் வந்தது. தை மாதம் தவறாமல் நினைவுநாள். ஒலிபெருக்கி, தோரணம், தலைவர்கள். "சங்கு முழங்கிய வீரர்" என்று கூப்பிடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். கை தட்டுவார்கள். முன்வரிசையில் அஞ்சலை அண்ணியும் கை தட்டுவார். சால்வைகளைத் தகரப் பெட்டியில் மடித்து மடித்து வைத்தேன். முப்பத்திரண்டு சால்வை. ஒன்றைக்கூடக் குளிருக்குப் போர்த்திக்கொண்டது கிடையாது. தொட்டாலே உடம்பு கூசும்.

அறுபதைத் தாண்டியதும் படபடப்பு வந்தது. டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், மூச்சு நின்றுவிடும். நிஜமாகவே நின்றுவிடும். மகள் என்னைக் கூத்தாநல்லூருக்கு ஒரு பாய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நல்ல மனுஷர். நெஞ்சில் குழாயை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"மூச்ச ஏன் இப்படிப் பிடிச்சு வச்சுக்கிறீங்க? யாரு துரத்துறா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"மாத்திரை பாதி வேலைதாங்க செய்யும். மிச்சத்த நீங்கதான் செய்யணும். திருவாரூர்ல ஒரு டீச்சர் ஞாயித்துக்கிழமை தியானம் சொல்லித்தராங்க. போயி உக்காருங்க. காசு கிடையாது."

போனேன். ஓட்டுக் கட்டடம். பதினைந்து பேர். டீச்சர் பெயர் மல்லிகா. பள்ளியில் கணக்கு டீச்சர். என் மகள் வயதுதான் இருக்கும். பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். ஊதுபத்தி இல்லை, மந்திரம் இல்லை. முன்னால் ஒரு புத்தர் சிலை. முகத்தைப் பார்த்தேன், தெரியாத முகம். மடியைப் பார்த்தேன். கைமேல் கை. அந்த மடி எனக்குத் தெரியும். என் பல் அதில்தான் போனது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை, ஏனென்றால் மூலையில் அஞ்சலை அண்ணி உட்கார்ந்திருந்தார். பேரன் கொண்டுவந்து விட்டிருந்தான். அண்ணிக்குத் தூக்கம் வருவதில்லை. காதும் மந்தம் என்று ஊரே சொல்லும். எதைச் சொன்னாலும் "என்ன சொன்னே?" என்று இன்னொரு முறை கேட்பார். டாக்டர்கள் காதில் கோளாறு இல்லை என்றுதான் சொன்னார்கள். நம்பமாட்டார்.

டீச்சர் சொன்னார். "மூச்சு உள்ள வருது. வருதுன்னு தெரிஞ்சுக்குங்க. வெளிய போவுது. போவுதுன்னு தெரிஞ்சுக்குங்க. பிடிக்கவேணாம், தள்ளவேணாம். வெளிய போவும்போது எண்ணுங்க. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும். விட்டுப்போனா பரவால்ல, திரும்ப ஒண்ணுலேருந்து."

கண்ணை மூடினேன். மூச்சு வந்தது. போனது. ஒன்று.

அவ்வளவுதான். ஒன்றோடு நின்றுவிட்டது. சாமியின் முதுகு. எண்ணெய்ப் பிசுக்கு. டபடப. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் பதினைந்து பேர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

திரும்ப ஒன்றிலிருந்து. ஒன்று. நின்றது.

ஒரு வருஷம் அப்படியே போனேன். இரண்டுக்கு வரவே இல்லை. டீச்சரிடம் பத்து வரை எண்ணுகிறேன் என்று சொன்னேன். எண்ணில் பொய் சொல்வது எனக்குப் பழகிய வேலை.

தியானம் முடிகிற நேரத்தில் டீச்சர் இன்னொன்று சொல்லுவார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நான் நல்லாருக்கணும், என் மனசு அமைதியா இருக்கணும் என்று முதலில் தனக்குச் சொல்லவேண்டும். பிறகு வேண்டியவர்களுக்கு. பிறகு வேண்டாதவர்களுக்கும். தனக்கு என்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். எனக்குக் காரணம் இருந்தது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு. வெளியே மழை. டீச்சர் அண்ணியைப் பார்த்துக் கேட்டார். "பாட்டி, உங்களுக்குன்னு சொல்லிக்கவே மாட்டேங்கிறீங்களே?"

"எனக்கு எதுக்கு டீச்சர்? நான் வேணாம். மத்தவங்களுக்குச் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இவர் ஏன்? புருஷனைப் பறிகொடுத்தவர். கூலிக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்கவைத்தவர். இவருக்கு என்ன?

பேருந்து நிலையத்தில் கேட்டுவிட்டேன். மழை விட்டிருந்தது. பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னே?"

திரும்பக் கேட்டேன். அண்ணி வலது காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீ மூணு ஊதின. எனக்கு ஒண்ணுதான் விழுந்துச்சு. தாத்தா போயிட்டாரு, அரிவாளக் கீழ வைங்கன்னு மொதல்ல சொன்னது நாந்தான் தம்பி. அவரு வைக்கல. 'இரு புள்ள, இன்னும் ஊதுறானான்னு பாப்பம்'னாரு. அபசகுனமா நிக்காதன்னு நாந்தான் புடுங்கி வரப்புல போட்டேன். இந்தப் பாழாப்போன காது ஒழுங்காக் கேட்டிருந்தா..."

இரு புள்ள, இன்னும் ஊதுறானான்னு பாப்பம்.

செல்லக்கண்ணு அண்ணன் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் சாமியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதும் பேசாமல் இருந்திருக்கலாம். பேருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஏறிப் போயிருக்கலாம். ஐம்பது வருஷம் செய்ததுதானே. கால் எழுந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன், எழுந்துவிட்டது. பிறகு உட்கார்ந்தேன்.

"ஒண்ணுதான் அண்ணி ஊதினேன்."

பேருந்து ஹாரன் அடித்தது.

"என்ன சொன்னே?"

இரண்டாவது முறை. தப்பிக்க வழியே இல்லை.

"ஒண்ணுதான் ஊதினேன். பயந்து ஒளிஞ்சிட்டேன். என்ன யாரும் அடிக்கல. சங்கு கையிலதான் இருந்துச்சு. உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு அண்ணி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்று நினைத்தேன். அண்ணி அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தும் வந்து போனது.

"அம்பது வருஷம்டா," என்றார். என்னை ஒருநாளும் டா போட்டதில்லை. "எம்புள்ள அம்மான்னு கூப்புட்டாக்கூட ரெண்டாந்தடவ கேட்டுத்தான்டா ஏன்னு கேப்பேன். நம்ப முடியாதுன்னு. எங்காத நானே நம்பலயேடா பாவி."

அண்ணி எழுந்து என் முன்னால் நின்றார்.

"மேடையில சொன்னீல்ல. அதேமாதிரி எல்லாரும் பாக்க எழுதிக் குடு. எத்தன ஊதினன்னு எழுது."

அதனால்தான் எழுதுகிறேன். மன்னிப்புக்காக அல்ல. அண்ணி மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வாய் ஏது?

மல்லிகா டீச்சரிடமும் சொன்னேன். பத்து வரை எண்ணியதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கோபப்படவில்லை.

"உங்க மேல இரக்கம் வைக்கிறதுன்னா, செஞ்சது சரின்னு சொல்றதில்லங்க அய்யா. அந்தக் கல்லுக்குப் பின்னாடி உக்காந்திருக்கானே, அந்தப் பையன விட்டு ஓடாம, பக்கத்துல போயி உக்காருங்க. அவன் மூச்சு விடுற வரைக்கும் இருங்க."

போய் உட்கார்ந்து பார்க்கிறேன். முடியவில்லை. அவன் கையிலிருந்து சங்கைப் பிடுங்கி நானே ஊதவேண்டும் போல வெறி வருகிறது. கன்னத்தில் அறையத் தோன்றுகிறது. சில ஞாயிறுகளில் இரண்டு வரை வருகிறேன். ஒருமுறை மூன்று வந்தது. வாய்விட்டு அழுதுவிட்டேன், சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அண்ணி திறக்கவில்லை. இப்போது கதவோரம் உட்காருகிறார், எனக்கு முதுகு காட்டி. என்னோடு பேசுவதில்லை. ஆனால் தனக்கு என்ற இடத்தில் அவர் நெஞ்சில் கை வைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. தோள் கொஞ்சம் இறங்கியது.

படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தை மாதம் யாராவது மேடையில் மூன்று என்று சொன்னால் எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

செத்தவர்கள் மூன்று பேர். பக்கிரி, நாற்பது வயது, கத்திய வாய் திறந்தபடியே கிடந்தார். காத்தாயி, சங்கு வேண்டாம் என்று சொன்னவர், முப்பத்தைந்து. செல்லக்கண்ணு, இருபத்து நாலு. எரிந்த வீடு பதினொன்று. கட்டிய கயிற்றோடு எரிந்த ஆடு ஏழு. ஜெயிலுக்குப் போனவர்கள் ஒன்பது பேர். வரப்பில் வைத்த அரிவாள்கள் திரும்பி வரவே இல்லை. என் பல் ஒன்று, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சால்வை முப்பத்திரண்டு, சங்க அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அஞ்சலை அண்ணியின் ஐம்பது வருஷம், அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

சங்கு ஊதியது ஒரு முறை. அண்ணி கேட்டதும் ஒரு முறை. அவர் சரியாகத்தான் கேட்டார்.